சூடோ போட்டால் நெட் வருகிறது, போடாவிட்டால் இல்லை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய யூஎஸ்பி டாங்கிள் (சிம் போட்டு நெட் எடுக்கும் மோடம்), டெபியன் லினக்ஸ், டயல் செய்ய டபிள்யூவிடயல் என்ற நிரல். சூடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால் நெட் வருகிறது. சாதாரணப் பயனராக ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. ரூட்டுக்கு (நிர்வாகிக்கு) வேலை செய்கிறது என்றாலே மோடமும் சிம்மும் சரி. டயல் செய்யும் *99# எண்ணையும் ஏபிஎன்னையும் (சிம் நிறுவனத்தின் நெட் நுழைவாயில் பெயர்) மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

இங்கே பூட்டு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது போர்ட், அதாவது லினக்ஸ் மோடத்தைக் காட்டும் சாதனக் கோப்பு. எல்எஸ் -எல் போட்டால் டிடிஒய்யூஎஸ்பி0 ரூட்டுக்குச் சொந்தம், குழு டயல்அவுட், அனுமதி 660 (சொந்தக்காரரும் குழுவும் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று தெரியும். எல்லோருக்கும் திறந்த 666 ஆக மாற்றினால் அப்போதைக்குத் திறக்கும். டாங்கிளைப் பிடுங்கிச் செருகியதும் சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யூடெவ் அந்தக் கோப்பைப் புதிதாக உருவாக்கும், பழைய கதைதான்.

நிலையான வழி டயல்அவுட் குழுவில் சேர்வது. சேர்ந்ததும் மோடம் டயல் செய்யும், ‘கனெக்ட்’ என்றும் வரும், உடனே அறுந்துவிடும். பலரும் சிக்னலைத் திட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் இது இரண்டாவது பூட்டு: டயல் ஆனபின் நெட் இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலின் அனுமதி 4754, குழு டிப். அந்தக் குழுவில் இல்லாதவர் அதை ஓட்டவே முடியாது. பிபிபிடி 3 என்ற எண்ணோடு வெளியேறினால் மட்டும் விஷயம் வேறு: செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடவைக்கும் குறி, 4754 இன் முதல் 4) போய்விட்டது, 4754 ஐத் திரும்பப் போட வேண்டும்.

இரண்டையும் ஒரே வரியில் முடிக்கலாம்: சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்,டிப், பிறகு பயனர் பெயர். சின்ன ‘ஏ’ விட்டுப்போனால் மற்றக் குழுக்களிலிருந்து பெயர் நீங்கிவிடும், சூடோவும் சேர்த்து! அப்புறம் வேறு வழியில் ரூட்டாக நுழைந்துதான் மீட்க வேண்டும்.

கட்டளை கொடுத்தும் மாற்றம் தெரியாவிட்டால் பதற வேண்டாம். குழு விவரம் லாகின் ஆகும்போதுதான் படிக்கப்படும்; புது டெர்மினல் திறந்தால் போதாது, முழுதாக லாக்அவுட் செய்து வரவேண்டும். ஐடி என்று அடித்துப் பார்த்தால் இரு பெயரும் இருக்க வேண்டும். (ஆர்ச் லினக்ஸில் டயல்அவுட் குழு கிடையாது, அதன் இடத்தில் யூயூசிபி.)

பாப்-சீக்ரெட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை என்று டபிள்யூவிடயல் முணுமுணுக்கும். அது 600, ரூட்டுக்கு மட்டும்; கடவுச்சொல் இருக்கும் கோப்பு, அப்படியே இருக்கட்டும். தேவையானால் பயனர் பெயர், நட்சத்திரக்குறி, கடவுச்சொல் என ஒரு வரியை ரூட்டாக ஒருமுறை எழுதிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு போர்ட்டைத் திறக்கும்போது ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வந்தால் அனுமதிப் பிரச்சினை இல்லை. மோடம்களைத் தானாகக் கையாளும் மோடம்மேனேஜர் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த சர்வீஸை நிறுத்திவிட்டு டயல் செய்யவும்.