ஊருக்கு அனுப்பப்படும் பிள்ளைகள்

தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் எங்களிடம் பாடத்தைப் பற்றிப் பேச வருகிற பெற்றோர் குறைவு. பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் மட்டும் ஒரே கேள்வியோடு பலர் வருவார்கள். “டீச்சர், இவனை ஊருக்கு அனுப்பிடலாமா?”

ஊர் என்றால் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமை. தோல் பதனிடும் வேலைக்காக அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பையனுக்கு சேர்க்கை சரியில்லை என்று தோன்றினாலோ, பெண் பெரியவளானாலோ, மார்க் குறைந்தாலோ, முதலில் நினைவுக்கு வருவது ஆச்சி வீடுதான். சாப்பாடு, பள்ளிக்கூடம், கண்டிக்க ஒரு தாத்தா என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். அங்கே பிள்ளைக்கு சிநேகிதம் யார் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

லீவுக்கு வரும்போது அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவார்கள். கரண்ட் போகிறது, பஸ் இல்லை என்றெல்லாம் குறைப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் சொன்னது வேறு. மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியவில்லை என்றார்கள். சின்ன ஊரில் பால்வாடியிலிருந்தே ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் நடுவில், பதினைந்து வயதில் போய் நிற்பது லேசான காரியமில்லை. பேச்சில் ஒரு ‘அரே’ விழுந்தால் போதும், அன்றிலிருந்து அவன் பெயர் ‘பம்பாய்’. சில இடங்களில் ஆசிரியர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்து வரும் கேள்வி, “நீ எந்தத் தெருல?” பதிலை வைத்து சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கலர் கயிறு கட்டி, கலரை வைத்தே யார் யாரோடு என்று பிரித்துக்கொள்வது உண்டு. தாராவியில் சாதி இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். இங்கும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் தொண்ணூறடி ரோட்டில் கிரிக்கெட் ஆடும் பையன்களில் மராத்திக்காரன், உத்தரப் பிரதேசத்துக்காரன், நெல்லைக்காரன் எல்லாரும் உண்டு. அதற்குப் பழகிய பிள்ளைக்கு, கையில் கயிறு கட்டாததையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும் வகுப்பறை புரியாது.

என்னிடம் படித்த ஒரு பையனை 2022இல் பதினொன்றாம் வகுப்புக்கு அப்படி அனுப்பினார்கள். அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் அவனுக்கும் கிடைத்தது. ஓட்டத் தெரியாது. தாராவிச் சந்துகளில் எங்கே போய்ப் பழகுவது? வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனவனை எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கூட நடந்து வந்தவன் ஒருவன்தான், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிற பையன். பிறந்தது தமிழ்நாட்டில்தான் என்றாலும் வகுப்பில் அவன் ‘முகாம்காரன்’. அவன் கையிலும் கயிறு இல்லை. சந்தை கூடாத நாட்களில் காலியாகக் கிடக்கும் திடலில் அவன்தான் சைக்கிள் பழக்கிவிட்டான். பதிலுக்கு இவன் சிஎஸ்டியிலிருந்து கல்யாண் வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மஸ்ஜித், பைக்குல்லா, பரேல், தாதர், சயான் என்று, பம்பாயைப் பார்த்தேயிராத அந்தப் பையன் ஒரு நாள் போனில் எனக்கு வரிசையாக ஒப்பித்துக் காட்டினான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. செய்தி பார்த்த அன்றே இங்கிருந்து என்னிடம் படித்த அந்தப் பையனின் அம்மா போன் போட்டு, படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பி வா என்று அழுதாள். அவன் வரவில்லை. “நான் வந்துட்டா அவன் தனியா ஆயிருவாம்மா” என்றானாம். அந்தப் பதினேழு வயதுப் பையனை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகள் கையில் விட்டால் அவர்கள் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெரியவர்கள் அமைத்துக் கொடுத்தால் பேசிப் பார்க்கவாவது ஒரு வாய்ப்பு வரும்.

பெண் பிள்ளைகளுக்கு இதுவும் சுலபமில்லை. திடலும் கிடையாது, சைக்கிளில் சுற்றுவதும் கிடையாது. ஆச்சி வீட்டுக்குப் போன ஒரு பெண், பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்கும் பெண்ணோடு போய் உட்கார்ந்து கொள்வாளாம். கைக்கு வேலை இருந்ததால் யாரும் அவர்களை எழுப்பிவிடவில்லை. அப்படித்தான் பேச நேரம் கிடைத்தது.

இப்போது யார் கேட்டு வந்தாலும், பிள்ளை வயதில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். முழு ஆண்டு லீவில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், பள்ளி திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்கிறேன். “சிநேகிதமெல்லாம் தானா வரும் டீச்சர்” என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். தானாக வராமலே இரண்டு வருஷம் ஓட்டிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் லீவுக்கு வந்தாலும் அதிகம் பேசுவதில்லை.

எதிர்த் திசையிலும் வருகிறார்கள். இந்த ஜூனில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வகுப்பில் சேருகிறாள். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவளோடு ஸ்கூலுக்கு நடந்து போக, அதே சாலில் (வரிசை வீட்டுக் கட்டிடத்தில்) இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் பேசி வைத்திருக்கிறேன். அவளுக்கும் இங்கே சிநேகிதிகள் அதிகமில்லை.