ஜல்லி தானேன்னு விட்டா

சிமெண்ட் மூட்டை வந்தா தேதி பாப்போம், கம்பி வந்தா எடை போட்டு பாப்போம், ஜல்லி வந்தா மட்டும் அந்த ஓரமா கொட்டுங்கன்னு கைய காட்டிட்டு நம்ம வேலைய பாக்கப் போயிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான். இத்தனைக்கும் கான்கிரீட்டோட கன அளவுல 60லேந்து 75 சதவீதம் வரைக்கும் ஜல்லியும் மணலும்தான்.

ஒரு சின்ன பாலத்துக்கு ஸ்லாப் போட்ட அன்னிக்குதான் புத்தி வந்துச்சு. கலவை கெட்டியா நின்னுச்சு, மேஸ்திரி "சார் தண்ணி பத்தல, இன்னும் ஒரு குடம் விட்டாத்தான் ஓடும்"னாரு, நானும் வெயில்ல நின்ன எரிச்சல்ல சரின்னுட்டேன். அதே கலவையில வார்த்து வச்ச கட்டிய 28 நாள் கழிச்சு மெஷின்ல நசுக்கி பலம் பாக்கற கியூப் டெஸ்ட்ல ஃபெயில். உடைச்ச கியூப கையில எடுத்து பாத்தா, சிமெண்ட் நல்லா பிடிச்சிருந்தா கொஞ்சம் கல்லாவது குறுக்கால உடைஞ்சிருக்கணும்ல, இதுல சொத்தைப் பல்லு மாதிரி முழுசு முழுசா கழண்டு வந்துச்சு, கல்லு இருந்த குழியெல்லாம் வழவழன்னு, விரலால தடவுனா மாவு ஒட்டுது.

அந்த மாவுதான் கிரஷர் தூசி, கல்லு உடைக்கற மெஷின்லேந்து வர்ற பொடி. கல்லு மேல படிஞ்சு சிமெண்ட்ட ஒட்ட விடாது, போதாக்குறைக்கு கலவையில இருக்கற தண்ணியையும் குடிச்சிடும், அதனாலதான் மேஸ்திரிக்கு தண்ணி பத்தல. கூட விட்ட குடம் மிச்ச பலத்தையும் எடுத்துக்கிச்சு. தப்பு பாதி கிரஷர்காரர் மேல, பாதி என் மேல.

அடுத்தது ஷேப்பு. ரெண்டு தாடைக்கு நடுவுல வச்சு நசுக்கற ஜா கிரஷர்ல மட்டும் உடைச்ச கல்லு சிலது பட்டை பட்டையா, தகடு மாதிரி வரும், கல்ல வேகமா வீசி மோத விடற விஎஸ்ஐ மெஷின்ல போட்டா சுத்தி அடிபட்டு கனசதுரமா வரும். பாறையா இருக்கும்போது ஒரு கன மீட்டர் கருங்கல் கிட்டத்தட்ட 2.7 டன், அதையே ஜல்லியாக்கி அள்ளினா ஏறக்குறைய 1.5 டன்தான், மிச்சமெல்லாம் காத்து. அந்த சந்த மணலும் சிமெண்ட்டும் போய் அடைக்கணும், பட்டைக் கல்லு அதிகமானா சந்தும் அதிகம், சிமெண்ட்டும் அதிகம். ரோட்டுக்கும் மூலை இருக்கற உடைகல்லுதான் ஒண்ணோட ஒண்ணு கவ்வி நிக்கும், உருண்டைக் கூழாங்கல்லு நழுவும். (ஜல்லிய பரப்பி தண்ணி விட்டு இறுக்கற ரோட்ட டபிள்யூபிஎம்னு சொல்றோமே, அதுல இருக்கற 'எம்' மெக்கடம்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் பேரு, 200 வருஷம் முன்னாடியே உடைகல்ல வச்சு ரோடு போட்ட ஆளு.)

குவாரி ஏன் ஊருக்கு பக்கத்துலயே வருதுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 4 மீட்டர் அகலத்துல கால் மீட்டர் கனத்துக்கு கல்லு போட்டா 1 கிலோமீட்டருக்கே 1,000 கன மீட்டர், இறுக்கின பிறகு 2,000 டன்னுக்கு மேல. இவ்வளவு எடைய தூரத்துலேந்து லாரியில கொண்டு வந்தா கல்லுக்கு குடுக்கறத விட வண்டிக்குத்தான் அதிகம் போகும். அதுக்காக பக்கத்துல இருக்கறவன் தூசிய தின்னுட்டு இருக்கணும்னு அர்த்தமில்ல, ட்ரில் போடறப்ப தண்ணி விட்டா, கிரஷர் வாயில ஸ்ப்ரே வச்சா, லாரிய தார்ப்பாய் போட்டு மூடினா பெரும்பாலும் அடங்கும். சிலிக்கா தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்ப வெளிய வராது, அத மொதல்ல சுவாசிக்கறது ட்ரில் பிடிக்கற ஆளுதான். பெருசா மெஷின் வாங்கற ஓனருங்க ஒரு தண்ணி குழாய்க்கு மட்டும் ஏன் யோசிக்கறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

இப்பல்லாம் லோடு வந்தா கொட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கை ஜல்லிய பக்கெட் தண்ணியில போட்டு ஒரு கலக்கு கலக்கிடுவேன். போன வாரம் டிரைவர் அண்ணன் சிரிச்சாரு, "சார், கல்லுல என்ன சார் டெஸ்ட்டு". பக்கெட்ட அவர் பக்கம் நகத்தினேன், தண்ணி மோர் மாதிரி இருந்துச்சு. எட்டிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, ஏறி ரிவர்ஸ் எடுத்துட்டாரு.