பழைய ஸ்காட்ச் பாட்டிலுக்குக் கார்பன் சோதனை

கார்பன்-14 என்பது பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், காலம் போகப் போகக் குறையும் கதிரியக்கக் கார்பன். பழைய விஸ்கியைக் கார்பன்-14 சோதனைக்கு அனுப்பும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லேபிளில் உள்ள ஆண்டு பொய்யென்றால் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். உண்மை என்று சான்றிதழ் தராது.

ஒரு மில்லி விஸ்கி தாராளம். 40 சதவீத விஸ்கியில் அந்த ஒரு மில்லிக்குள்ளேயே 160 மில்லிகிராமுக்கு மேல் கார்பன் இருக்கிறது. கருவிக்குத் தேவை ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். பாட்டிலைத் திறக்காமல் தக்கை வழியே நீளமான மெல்லிய ஊசியை இறக்கி எடுக்கலாம். பழைய தக்கை பொடியாக உதிரும். அதனால் ஊசி நேராக, நிதானமாக இறங்க வேண்டும். சிரிஞ்சை அசிட்டோனில் கழுவவே கூடாது. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதில் கார்பன்-14 துளியும் கிடையாது. மாதிரியின் கார்பனில் நூற்றில் ஒரு பங்கு அப்படிக் கலந்தாலே சுமார் 80 ஆண்டு கூடுதலாகக் காட்டும்.

ஆய்வகத்தில் முதலில் எத்தனாலை, அதாவது விஸ்கியின் ஆல்கஹாலை, தனியே வடித்தெடுப்பார்கள். ஓக் பீப்பாயிலிருந்து ஊறி வந்த கார்பன் கணக்கில் சேரக் கூடாது. பிறகு காப்பர் ஆக்சைடோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து எரிப்பார்கள். வரும் கார்பன் டை ஆக்சைடை கிராஃபைட்டாக்கி, துகள் முடுக்கிக் கருவியில் கார்பன்-14-ஐ அளப்பார்கள்.

முடிவைப் படிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1950-க்கான நியமக் கார்பன்-14 அளவை 1 என்று வைத்த அளவுகோல் அது. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் 1960-களின் நடுவில் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது; அதற்குப் பின் இறங்கிக்கொண்டே வருகிறது. 1-ஐத் தெளிவாகத் தாண்டினால் 1950-களின் நடுவுக்குப் பின் விளைந்த பார்லி உள்ளே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு லேபிள் அங்கேயே விழுந்துவிடும். ஆனால் 1.4 என்று வந்தால் காற்றின் கார்பன்-14 அளவைக் காட்டும் வளைவு ஏறிய 1960-களின் தொடக்கமாகவும் இருக்கலாம், இறங்கிய 1970-களின் நடுவாகவும் இருக்கலாம். கண்ணாடியும் லேபிளும் மூடியும் பார்த்துத்தான் பிரிக்க முடியும். 1-க்குக் கீழே வந்தால் இன்னும் சிக்கல்: 1650 முதல் 1950 வரை வளைவு மேலும் கீழுமாக அலைவதால் 1880-ஐயும் 1920-ஐயும் பிரித்தறிய முடியாது. பழையதும் புதியதும் கலந்திருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட எண்தான் வரும். எப்படியானாலும் கிடைப்பது தானியம் விளைந்த ஆண்டு. பீப்பாயில் எத்தனை வருடம் இருந்தது என்பதற்கு இங்கே விடை இல்லை.

2017-இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ் ஓட்டல் ஒன்றில் 1878-ஆம் ஆண்டு மெக்காலன் (புகழ்பெற்ற ஸ்காட்ச் விஸ்கி) என்று ஒரே ஒரு கிளாஸ் 9,999 பிராங்குக்கு விலைபோனது. பாட்டிலில் இருந்தது பெரும்பாலும் 1970-72-இல் வடித்த கலப்பு விஸ்கி என்று சோதனை சொன்னது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் ஆய்வகம் சோதித்த 55 பாட்டில்களில் 21 போலி, அல்லது சொன்ன ஆண்டில் வடிக்காதவை. 1900-க்கு முந்தியது என்று வந்தவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பாட்டிலைத் திறக்காமல் சீசியம்-137 (அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய கதிரியக்கத் தனிமம்) அளக்கும் முறையை விஸ்கிக்குக் கேட்டுப் பயனில்லை. அது திராட்சை ஒயினுக்கு உரியது. வடிக்கும்போது சீசியம் பெரும்பாலும் கொதிகலனிலேயே தங்கிவிடும்.