அவுட்புட் டிரான்சிஸ்டர் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களாக 2என்3055, எம்ஜே2955 ஜோடியும், 24-0-24 (நடுவிலிருந்து இருபுறமும் 24 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து அசெம்பிள் செய்த பழைய ஆம்ப்ளிஃபயர். ஒரு சேனல் ஊமை, ஃபியூஸ் காலி. டிரான்சிஸ்டரைச் சோதித்தால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கிறது. புதுசு வாங்கி மாட்டி சுவிட்சைப் போட்டால் இரண்டே நொடியில் அதுவும் போகிறது. பழியைக் கடைக்காரர் மேல் போடுவதற்கு முன் போர்டைப் பாருங்கள்.

முதலில் ஒரு சீரிஸ் பல்பு. 230 வோல்ட் லைனில், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சூடாகும்போது மின்தடை ஏறுவது டங்ஸ்டன் இழைக்குத்தான், இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் சார்ஜ் ஆகிறது, கவலையில்லை. மங்காமல் நின்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. சப்ளை ஒயரை போர்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), ஃபில்டர், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றில் ஒன்று. கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு ஃபில்டரின் குறுக்கேயும் பத்து நொடி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரமல்ல, கண்டென்சருக்குக் கேடு.

அவுட்புட் தனியாகப் போவது அபூர்வம். அதன் கலெக்டரும் பேஸும் உள்ளே ஒட்டிக்கொண்டால், சப்ளையின் 33 வோல்ட் நேராக டிரைவரின் (அவுட்புட்டை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர்; இங்கே பிடி139, பிடி140) எமிட்டருக்கு வந்துவிடும். பிடி139-இன் பேஸ்-எமிட்டர் சந்தி தலைகீழாகத் தாங்குவது 5 வோல்ட்தான். ஆகவே பிடி139, பிடி140 இரண்டையும் கழற்றி டயோடு ரேஞ்சில் சோதியுங்கள். போர்டில் வைத்தே பார்த்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் ஏமாற்றும். வெள்ளை சிமெண்ட் கட்டை போல இருக்கும் 0.33 ஓம் 5 வாட் எமிட்டர் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். சாதா மீட்டரில் அந்தச் சிறிய மதிப்பு சரியாகத் தெரியாது, ஓப்பனா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் பயாஸ் பிரிசெட், அதாவது பாட்டில்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்ட்டை அமைக்கும் திருகு ரெசிஸ்டர். அந்தக் கரண்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து எமிட்டருக்குப் போகும் பக்கத்தில் பிரிசெட் இருந்தால், துருவேறி ஓப்பன் ஆனாலும் பயாஸ் குறையும், ஒலி கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவே. கலெக்டர் பக்கத்தில் இருந்து ஓப்பன் ஆனால் கதை வேறு: பயாஸ் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும், இரண்டு அவுட்புட்டும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொள்ளும். புதிதாகப் போட்ட ஜோடி இரண்டு நொடியில் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய பிரிசெட்டை மாற்றுங்கள். முடிந்தால் பேஸ்-எமிட்டர் பக்கத்துக்கு இடம் மாற்றி, முதலில் அதிகபட்ச ஓமில் வையுங்கள்.

பயாஸுக்கு டிரான்சிஸ்டருக்குப் பதில் 1என்4148 டயோடு போட்ட போர்டுகளும் உண்டு. அவை போர்டில் சும்மா நின்றால் பயனில்லை. ஒரு டிகிரி சூடு ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். ஹீட் சிங்க் (டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட். டயோடுக்கு அந்தச் சூடு தெரியாததால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும், கடைசியில் டிரான்சிஸ்டர் போகும். டயோடை ஹீட் சிங்க்கில் ஒட்டியபடி வையுங்கள், கால்கள் உலோகத்தில் படாமல்.

2என்3055-க்கு உடம்பே கலெக்டர். அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா ஷீட்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் சப்ளை சேஸிஸுக்கு இறங்கிவிடும். இருபக்கமும் சிலிக்கான் கம்பவுண்டை மெல்லிசாகத் தடவி இறுக்கியபின், உடம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பு இல்லையென்று மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று உண்டு. 24 வோல்ட் ஏசி, ரெக்டிஃபை ஆனபின் சுமார் 33 வோல்ட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 66. ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும்போது மற்றது ஏறக்குறைய இந்த மொத்தத்தையும் தாங்க வேண்டும். 2என்3055-இன் வரம்பு 60 வோல்ட். லைனில் 250 வோல்ட் வரும் இரவுகளில் அந்த 66 வோல்ட் 72 வரை போகும். ஒரிஜினலே தாங்காது, போலிக்கு என்ன கதி? 20-0-20 டிரான்ஸ்ஃபார்மருக்கு 2என்3055 சரி. 24-0-24 தான் வேண்டுமென்றால் 140 வோல்ட் தாங்கும் 2என்3773, அதன் ஜோடி 2என்6609 போடுங்கள். இதே கணக்கில் ஃபில்டரும் 35 வோல்ட் போதாது, 50 வோல்ட் வேண்டும்.

பாட்டே போடாமல் ஹீட் சிங்க் சுடுகிறதா? அவுட்புட்டில் 0.1 மைக்ரோ ஃபாரடுடன் சேர்ந்திருக்கும் 10 ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். கருகியிருந்தால் காதுக்குக் கேட்காத உயரத்தில் ஆம்ப்ளிஃபயர் ஊசலாடியிருக்கிறது. அதை மாற்றாமல் விட்டால் ஊசலாட்டத்தை அடக்க ஆளில்லை.

இனி சீரிஸ் பல்போடு போடுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம், வால்யூம் ஜீரோ. அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பல்பைக் கழற்றி, 0.33 ஓமின் குறுக்கே 8 மில்லிவோல்ட் வரும்வரை பிரிசெட்டை மெல்லத் திருப்புங்கள். அது சுமார் 24 மில்லி ஆம்பியர். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். ஒரே இடத்தில் நின்றால் ஸ்பீக்கரை மாட்டலாம். ஏறிக்கொண்டே போனால் சுவிட்சை அணைத்துவிட்டு டயோடு ஹீட் சிங்க்கைத் தொடுகிறதா என்று பாருங்கள்.