மேசைக்கு ஏறிய குடில்

"தம்பி, இந்த முறை குடிலை மேசையில வை. என்னால குந்த ஏலாது."

அம்மா இப்படிச் சொன்னதும் கையில் வைக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் பாலன் குடில் எப்போதும் விறாந்தை மூலையில், நிலத்தில்தான். இரண்டு கிழமைக்கு முன்னமே அம்மா சிரட்டைகளில் நெல் விதைத்து, அந்தப் பச்சை முளைகளைச் சுற்றிவர அடுக்குவார். சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டிப் பனி என்போம். வெளியில் மாரி மழை கொட்டும்!

தொண்ணூறுகளில், போர்க்கால யாழ்ப்பாணத்தில் மின்சாரம் ஏது? ஜாம் போத்தல் விளக்குத்தான் நட்சத்திரம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதுவும் கொஞ்ச நேரம்தான்.

1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சியோவில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாடும் கழுதையும் நின்றனவாம். எங்கள் மண் கழுதைக்கு ஒரு காது இல்லை. 1995 இடப்பெயர்வில் போனது. புதிதாக ஒன்று வாங்க அம்மா இன்னும் விடவில்லை.

வீடியோ அழைப்பில் கனடாவிலிருந்து தங்கச்சியின் மகள் கேட்டாள்: "அம்மம்மா, கழுதைக்குக் காது எங்க?"

அம்மா சிரித்தார். பதில் சொல்லவில்லை.

சரி, மேசையில் வைத்தாயிற்று. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர், ஒரு சிரட்டையை இரண்டு விரற்கடை தள்ளினார். பார்த்தார். திரும்பவும் தள்ளினார்.

"இடப்பக்கம் இன்னும் சரியில்லை" என்றார்.