உப்பு மரவை

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் முழுக்கக் கரிசல், மானாவாரி. வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் கதி. அதனால் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். மழை தள்ளிப் போனால்கூடப் பரவாயில்லை, விதை மண்ணுக்குள் கிடக்கும். அரைகுறையாகப் பெய்து நின்றால்தான் ஆபத்து. முளைத்த சோளம் அப்படியே கருகிவிடும். விதையும் போச்சு, கூலியும் போச்சு.

புரட்டாசி பிறந்ததும் தாத்தா ஏன் அப்படித் தவித்தார் என்று இப்போது புரிகிறது. காலையில் எழுந்ததும் என்னைத்தான் கூப்பிடுவார். "ஏட்டி, ஆச்சிட்ட போயி உப்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா."

அடுப்படியில் மரவை என்கிற மரப் பாத்திரம் நிறையக் கல் உப்பு இருக்கும். ஆடி, ஆவணியில் மேகாற்று, அதாவது மேற்குக் காற்று, அடிக்கும்போது அள்ளினால் பொலபொலவென்று உதிரும். கொண்டல் என்கிற கிழக்குக் காற்று திரும்பிவிட்டால் மேலே உள்ள கல்லெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும். மரவையின் விளிம்பில் ஈரம் கோத்திருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும் என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்த மரவைதான் கண்ணில் நின்றது. கிழக்கே கடல், கடல் காற்று வீடு வரைக்கும் வந்துவிட்டது என்பதை உப்பு சொல்லியிருக்கிறது.

உப்பு கசிந்தாலும் தாத்தா உடனே விதைப்பெட்டியைத் தூக்க மாட்டார். எறும்பு முட்டையைக் கவ்விக்கொண்டு திட்டு ஏறுகிறதா, களத்தில் தட்டான் தாழப் பறக்கிறதா என்று பார்ப்பார். தட்டான் மழைக் குட்டையில் முட்டையிடுகிற பூச்சி. அதில் ஒரு வகை அக்டோபர் வாக்கில் இங்கிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை மழையைத் தொடர்ந்து போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அதைப் படித்த அன்று தாத்தா இல்லையே என்று இருந்தது. கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

'எட்ட வட்டம் கிட்ட மழை' என்று நிலாவைச் சுற்றித் தெரியும் வட்டத்தைப் பார்த்துச் சொல்வதும் உண்டு. அதை மட்டும் நம்பி அவர் விதைத்ததில்லை.

சென்னையில் என் வீட்டு உப்பு வருடம் முழுக்கக் கசிகிறது, பக்கத்திலேயே கடல். அதனால் மரவையை ஊரிலேயே விட்டுவைத்திருக்கிறேன். புரட்டாசியில் சித்தப்பா போன் செய்தால், சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்கு முன்னால் உப்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.