பிப்ரவரி: கடல்

“பிளாஸ்டிக் கவர் படம் போட்டா யாருக்கும் கோபம் வராது மிஸ். எல்லாரும் தூக்கிப் போடறதுதானே.”

இதை அவர் என்னை ஆமோதித்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சொன்னவர் இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு மிஸ். என்னைவிட ரொம்பச் சின்னவர். 2024 மே மாதக் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஆண்டுத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஸ்கேலை எடுத்து அடுத்த பக்கத்துக்குக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். நான் குனிந்து, பிப்ரவரிக் கட்டத்தில் ‘வலை’ என்று எழுதியிருந்ததை அடித்துக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு. தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் அந்தத் தலைப்பைச் சுற்றி வர வேண்டும். சொல்வதற்கு அழகாக இருக்கும், எழுதும்போதுதான் மண்டை காயும். பதிப்பகத்தார் இலவசமாகத் தரும் ஆசிரியர் கையேட்டில் எல்லா மாதத்துக்கும் தலைப்பு தயாராக இருக்கிறது. ஆனால் அது வடக்கே எங்கோ உட்கார்ந்து எழுதியது. அதில் ஜூலையில் மழைக்காலம் வரும், டிசம்பரில் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர்காயும் படம் வரும். சென்னையில் ஜூலையில் முதுகோடு ஒட்டிய சட்டையுடன் ஒரு பிள்ளை குடைக்கு வண்ணம் அடிப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அதனால் மழையை நான் அக்டோபர் கடைசிக்குத் தள்ளினேன். அதில் வேறு சிக்கல். மழையைப் பற்றி நடத்த வேண்டிய வாரத்தில் மழைக்காகவே லீவு விட்டுவிடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே போயிற்று. அதிலிருந்து நவம்பர், டிசம்பர் கட்டங்களில் ஒன்றிரண்டு வாரத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். ‘இது என்ன காலியா இருக்கு?’ என்று எச்.எம். வருஷா வருஷம் கேட்பார். ‘ரெயின் லீவு சார்’ என்பேன்.

கடலைப் பிப்ரவரியில் வைத்தது என் முடிவு. பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. எங்கள் பள்ளியிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம். மார்ச் வந்துவிட்டால் ஆண்டுத் தேர்வுக்குத் திருப்புதல் என்று ஆரம்பித்துவிடுவார்கள், வேறு எதற்கும் இடம் இருக்காது. ஆமை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கூட்டல் கழித்தலுக்கும் ஆகும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும் என்று சொன்னால் நூறு வரை எண்ணவே தயங்குகிற பிள்ளைகூட எண்ணிப் பார்க்கும்.

ஐந்து அட்டைகள் தயார் செய்வதாக இருந்தது. ஆமை கரையேறுகிறது, குழி தோண்டுகிறது, முட்டையிடுகிறது, குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. ஐந்தாவது அட்டை, ‘ஆமைக்கு ஆபத்து எது?’ அதில் மூன்று படங்கள்: முட்டையைத் தோண்டும் நாய், குஞ்சுகளைத் திசைமாற்றும் தெருவிளக்கு, வலை.

அவர் ஐந்தாவது அட்டையில் நின்றுவிட்டார்.

“மிஸ், உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா விசைப்படகுல போறாரு, தெரியுமில்ல?”

தெரியும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடல்தான் சோறு போடுகிறது. படகில் போகிற அப்பா, மார்க்கெட்டில் கூடை வைத்து உட்காருகிற ஆயா, ஐஸ் வண்டி ஓட்டுகிற மாமா. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பா அன்றைக்குக் கொண்டுவந்த மீன்தான் பெருமை. அந்தப் பிள்ளையிடம் உன் அப்பாவின் வலையில்தான் ஆமை சாகிறது என்று அட்டை காட்டலாமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. நான் இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்த படத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பின்னால் சூரியன் இறங்க, வலையை வட்டமாக விரித்து வீசிக்கொண்டிருந்தார். “இது வீச்சு வலை மிஸ். இதுல ஆமை எங்க சாகும்? ஆமையைக் கொல்றது இழுவலை. பசங்களுக்கு வித்தியாசம் தெரியும்.” அவருடைய தாய்மாமா சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறார், அந்த வீட்டில் வளர்ந்தவர். ஆமை நம்மைப் போலக் காற்றை மூச்சு விடுகிற பிராணி, அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துக்கொண்டு போகிற வலையில் மாட்டினால் மணிக்கணக்கில் மேலே வர முடியாது, மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் தப்பித்து வெளியேற வழி வைத்த வலையும் இருக்கிறது. அந்த வழியில் மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஃபைபர் படகுக்காரர்களுக்கு விசைப்படகு மேல் தனிக் கோபம். இவ்வளவையும் அவர் எனக்குச் சொன்னார். இதில் எதை ஓர் அட்டையில் வரைவது? ‘வலைன்னா வலைதான் மிஸ், ரெண்டாம் கிளாஸுக்கு அது போதும்’ என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்திருக்கும்.

அதற்கு அவர் திட்டத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். ஜூன்: ‘நானும் என் வீடும்’. முதல் வாரச் செயல்பாடு: அப்பா என்ன வேலைக்குப் போகிறார்? “ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். இதுக்கு நம்ம பசங்க என்ன சொல்லும்? வீட்டுல இருக்காருன்னு சொல்லும்.” ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எங்கள் ஆபீஸில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும், முதல் பருவக் கட்டணத்தை ஜூலைக்கு முன் அழுத்திக் கேட்க மாட்டார். நான் போட்ட திட்டத்துக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. பிறகு செப்டம்பர்: ‘நமக்கு உதவுபவர்கள்’. மருத்துவர், தபால்காரர், காவலர், விவசாயி, தூய்மைப் பணியாளர். கடையில் வாங்கிய சார்ட்டில் யார் இருந்தார்களோ அவர்கள். “ஆமைக்கு ஒரு வாரம் வெச்சிருக்கோம். மீன் பிடிக்கிறவங்களுக்கு எங்க வெச்சிருக்கோம்? அவங்க ஆபத்துப் படத்துல மட்டும்தான் வராங்க.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது வேலையை முடிப்பதில் குறியாக இருப்பது என் சுபாவம். “சரி, வலையை எடுத்துடலாம். கவர் படம் போட்டுக்கலாம்” என்றேன். அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

கவர் பொய் இல்லை. பாலித்தீன் கவரை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமைகள் விழுங்குவது உண்மை. ஏழு வயதில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்கிறோம். ஆறாம் வகுப்பில் வேறொரு மிஸ் முடியும் என்பார். அந்தக் குழந்தை அதற்காக என் மேல் வழக்கு போடப்போவதில்லை. இப்படியெல்லாம் எனக்குள் வாதாடி வைத்திருக்கிறேன், பெரும்பாலும் நானே ஜெயிக்கிறேன்.

2025 ஜனவரியில் ஆமைகள் செத்து ஒதுங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வருஷமும் சில ஒதுங்கும். அந்த முறை சென்னையிலும் அதை ஒட்டிய கரையிலும் ஆயிரத்துக்கும் மேல் என்று செய்தியில் வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எங்கள் பிள்ளைகள் செய்தி பார்க்கத் தேவையில்லை. பொங்கல் லீவில் கடற்கரையில் விளையாடப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். கண் பிதுங்கியிருந்தது, வாடை தாங்கவில்லை, நாய் இழுத்தது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள். திட்டத்தை அப்போதே மாற்றியிருக்கலாம் என்று யாராவது சொன்னால், அட்டைகள் ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்து ஆயிற்று என்பேன். அது காரணம் ஆகாது என்று சொல்பவர்கள், ஜெராக்ஸ் செலவுக்கு எச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் ஐந்தாவது அட்டைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கவருக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான் ஒருவன். மீன் மார்க்கெட்டில் தருகிற அதே கறுப்பு. 2019-இலேயே தடை போட்டாயிற்று, ஆனாலும் அவனுக்குக் கவர் என்றால் கறுப்புதான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

“மிஸ், அவ்ளோ ஆமையும் கவரா துன்னுச்சு?”

“சில ஆமை அப்படிச் சாகும்பா.”

“மத்ததுலாம்?”

“நீ கலர் அடிச்சு முடி.”

முடித்தான். நன்றாகவே அடித்திருந்தான், கோட்டைத் தாண்டவில்லை. அவன் அப்பா ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், படகுக்கும் அவருக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. யாருக்காக வலையை எடுத்தோமோ அந்தப் பெண் ஐந்தாவது அட்டையைத் தொடவே இல்லை. நாலாவதிலேயே உட்கார்ந்து குஞ்சுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு நோகாமல் காப்பாற்றினோம் என்று எடுத்துக்கொள்வதா? இல்லை, வலைப் படம் இருந்திருந்தாலும் அவள் இப்படித்தான் குஞ்சுகளோடு உட்கார்ந்திருப்பாளா? ஒருவேளை அவள் வீட்டில் இதையெல்லாம் வெளிப்படையாகவே பேசுவார்களோ என்னவோ. ஆமை வலையில் ஏறினால் படகுக்காரருக்கும் தொல்லைதான், வலை கிழியும். அவள் அப்பாவையே கேட்டிருந்தால் நான் எழுதியதைவிடச் சரியாகச் சொல்லியிருப்பார். மே மாதத்தில் அப்படி யாரையும் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர்களுக்கு 2022-லிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, கையேட்டில் உள்ளதை நடத்த வேண்டும். “உனக்கு ஆமை வைக்கலாமா வேணாமான்னு யோசிக்கவாவது விடறாங்களே” என்றாள். அதோடு பேச்சு பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலைப் பற்றி ‘பி’ பிரிவு மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அவர் வகுப்பில் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை.

2025-இல் மறுபடி மே, மறுபடி அதே மேசை. அவரே ஆரம்பித்தார். “வலையைப் போட்டுடலாம் மிஸ். போன வருஷம் பசங்க எல்லாத்தையும் பாத்துட்டாங்க, இனிமே மறைக்க என்ன இருக்கு? இழுவலையா நானே வரைஞ்சு தரேன்.” செப்டம்பரில் மீனவருக்கு ஒரு வாரம், அவருடைய மாமாவைக் கூட்டிவந்து வகுப்பில் வலை பின்னிக் காட்டச் சொல்வது, ஜூனில் ‘அப்பா வேலை’யை எடுத்துவிட்டு ‘வீட்டில் யார் யார்’ என்று மாற்றுவது, எல்லாம் யோசித்து வைத்திருந்தார். நல்ல யோசனைகள். ஜூன், செப்டம்பர் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வலையில்தான் எனக்குக் கை ஓடவில்லை. போன வருஷம் வேண்டும் என்று நின்றவள் நான். இந்த வருஷம் செப்டம்பரில் மாமாவைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கைதட்ட வைத்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டு, பிப்ரவரியில் ‘ஆபத்து’ என்று வலையைக் காட்டுவதா? அவர் படகு வேறு, அந்த வலை வேறு என்றால், விசைப்படகுக்காரர் வீட்டுப் பிள்ளை மட்டும் தனியாக நிற்காதா? இதைத்தானே போன வருஷம் நீங்கள் சொன்னீர்கள் என்றேன். “அப்போ செப்டம்பர்ல அவங்களுக்கு இடமே இல்லையே மிஸ்” என்றார். எனக்குப் பாதி புரிந்தது. அவருக்கு இது எப்படி இவ்வளவு சுலபமாகிவிட்டது என்பது புரியவில்லை. ஒருவேளை போன வருஷமும் அவர் வலையை எடுக்கச் சொல்லவே இல்லையோ? அவர் சொன்னதை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். படம் தப்பு என்றார், அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றிக் கேட்டார், மீனவருக்கு இடம் எங்கே என்றார். ‘எடுத்துடலாம்’ என்றது நான்தான். ஆனால் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது ‘எடுங்க’ என்றுதானே கேட்கும்?

பிப்ரவரிக்கு ‘கடல்’ என்று மட்டும் எழுதி, ஐந்தாவது அட்டைக்கு நேராக ‘பிறகு’ என்று போட்டு எச்.எம்.மிடம் கொடுத்தோம். அவர் அதைக் கவனிக்கவில்லை. நவம்பர் ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்றுதான் கேட்டார்.